இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறினால்

கண்ணு, போன ஞாயிற்றுக்கிழமை நீ காட்பாடியில் ரயில் ஏறிப் போனதிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் நான் பாதியில் நின்றுவிடுவேன், மீதியை நீ உன் இஷ்டத்துக்கு முடித்துவிடுவாய். எதிரே ஆள் இல்லாதபோதுதான் எனக்கு வார்த்தை வரும். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எழுத எழுத, உன் வயதுப் பையன்கள் எல்லார் கையிலும் அதே போன்தானே இருக்கிறது, அவர்களும் படிக்கட்டுமே என்று தோன்றியது. அதனால் உன் பெயரையும் என் பெயரையும் விட்டுவிட்டேன். உனக்கு நிச்சயம் செய்த அந்தப் பெண்ணின் பெயரை எங்கேயும் எழுதப் போவதில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "அம்மா, இத கொஞ்சம் பாரு" என்று கூப்பிட்டாய். உன் அப்பா வெளியே போயிருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். லேப்டாப்பில் சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு, இரண்டும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக ஸ்கேன் அறையில் உதவியாளாக இருப்பவளுக்கு அந்த மாதிரிப் படம் புதுசில்லை. மூளையில் இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கே ரத்தத்தின் ஓட்டம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அப்படித்தான் கோடு போடுவார்கள். நீயும் பெங்களூரில் அந்தக் கணக்கைத்தான் போடுகிறாய். எந்த இடம் எந்த இடத்தோடு சேர்ந்து போகிறது என்று தேடுவதுதான் உனக்குச் சம்பளம். ஆகவே நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டும் நல்லா சேர்ந்து போவுதே, கனெக்‌ஷன் கெட்டியாத்தான் இருக்குது" என்றேன். பிள்ளை நம்மிடம் அபிப்பிராயம் கேட்கிறானே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நீ லேப்டாப்பை மூடினாய். "இது மூளை இல்லம்மா. செவப்பு அவளோட போனு. நீலம் அவ லைன் சூப்பர்வைசரோடது. இப்ப நீயே சொல்லிட்ட."

அப்புறம் நீ சொன்னதெல்லாம் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. நிச்சயம் முடிந்த வாரத்திலிருந்தே, அவள் எப்போது வாட்ஸ்அப்பில் வருகிறாள், எப்போது போகிறாள் என்று குறித்துக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதி ஓட விட்டிருக்கிறாய். அவளுடைய போன் ஒரு தடவை ரிப்பேரானபோது, அவசரம் என்றால் இதில் கூப்பிடுங்கள் என்று அவளே சூப்பர்வைசரின் நம்பரை உனக்குக் கொடுத்தாள். நம்பிக் கொடுத்த அந்த நம்பரையே எடுத்துப் பக்கத்தில் வைத்து இரண்டாவது கோடு போட்டிருக்கிறாய். ஷூ கம்பெனியில் வேலை நேரத்தில் எல்லார் போனும் கேட்டில் வாங்கி வைக்கப்படும், அது தெரியாதா உனக்கு என்று கேட்டேன். "ஷிஃப்ட் நேரத்தக் கழிச்சுட்டேம்மா. அதுக்கப்புறமும் ஒத்துப் போவுது. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பாரு, எப்டி ஏறுது" என்றாய். அந்தப் பதிலில்தான் எனக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. வர்ற ஞாயிறு கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கவேண்டும், அதற்குள் அவள் அம்மாவுக்கு நான் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், காரணம் கேட்டால் ஜாதகம் என்று எதையாவது சொல்லிவிட வேண்டும். இதுதான் நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வேலை.

ஒடுகத்தூருக்கு அந்தப்புறம் இருக்கிற அவள் ஊரில், நிச்சயமாகி நின்று போன பெண் என்றால் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. எனக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான், அதனால் அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ போனதும் எனக்கு உன் மேல் கோபம் வரவில்லை. முதலில் வந்தது அவள் மேல் சந்தேகம். நிச்சயத்தன்று அவள் போனைக் கவிழ்த்து வைத்தாளே, ஏன்? காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வர நேரமானதே, ஏன்? ஒன்றுக்கும் உதவாத ஞாபகங்கள் எல்லாம் எழுந்து வந்து வரிசையில் நின்றன. திங்கட்கிழமை முழுக்க அவளைச் சந்தேகப்பட்டேன். செவ்வாய்க்கிழமை உன்னைச் சந்தேகப்பட்டேன், வேண்டாம் என்று சொல்ல உனக்கே வேறு காரணம் ஏதாவது இருந்து, அதை மறைக்க இந்தப் படமோ என்று. அப்புறம்தான், நான் தினமும் பார்க்கிற அந்தப் படத்தின் மேலேயே சந்தேகம் திரும்பியது. அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

எங்கள் அறையில் என்ன நடக்கிறது என்பதை நீ கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாய், நான் கட்டில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் தோடு, மெட்டி, அரைஞாண், தாயத்து, ஊக்கு எல்லாவற்றையும் நான்தான் வாங்கி வைப்பேன். தாலியைக் கழற்ற மனசு வராதவர்களுக்கு ஒரு மஞ்சள் கயிறு தயாராக வைத்திருப்பேன். தலையை அசையாமல் பஞ்சு வைத்து அணைத்து, மேலே தெரிகிற கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருங்கள், எந்த வேலையும் இல்லை என்பேன். சும்மா இருக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. ஒரு வேலையில் கவனம் வைத்தால் எழும்புகிற இடங்கள் ஒரு கூட்டம். வேலை இல்லாதபோது, நம்மைப் பற்றியும் நமக்கு வேண்டியவர்களைப் பற்றியும் மனசு தானாகக் கதை கட்டிக்கொள்கிறபோது எழும்புகிற இடங்கள் இன்னொரு கூட்டம். பெரும்பாலும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் என்று ஆராய்ச்சியை நடத்துகிற எங்கள் மேடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். வேலை முடிந்து பெங்களூர் அறையில் தனியாக நீ எந்தக் கதைக்குள் படுத்துக்கிடக்கிறாய் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

இரண்டு இடங்கள் சேர்ந்து ஏறி இறங்கினால் அவற்றுக்குள் இணைப்பு என்கிறோம். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே நரம்பு ஓடுவதை அந்தப் படத்தில் யாரும் பார்ப்பதில்லை, சேர்ந்து ஏறுவதை மட்டும்தான் பார்க்கிறோம். நம் தெருவில் கரண்ட் போனால் நம் வீட்டு விளக்கும் எதிர்வீட்டு விளக்கும் ஒரே நொடியில் அணைகிறது, வந்தால் ஒரே நொடியில் எரிகிறது. மொட்டைமாடியிலிருந்து விளக்கை மட்டும் பார்க்கிற ஒருவன், இந்த இரண்டு வீட்டுக்கும் ஏதோ ரகசியப் பேச்சு இருக்கிறது என்றுதான் சொல்வான். எதிர்வீட்டுக்காரர்களோடு நாம் பேசி எத்தனை வருஷமாகிறது என்று அவனுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர் என்பதும் தெரியாது.

ஒரு தடவை ஒருவருடைய படம் அவ்வளவு பிரமாதமாக வந்தது. எல்லா இடமும் எல்லா இடத்தோடும் கோர்த்துக்கொண்டு, கோலம் போட்ட மாதிரி இருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த மாணவர்கள் அதைச் சுற்றி நின்று பேசினார்கள். மேடம் வந்து பார்த்துவிட்டு, முதலில் அந்த ஆளின் தலை எவ்வளவு ஆடியிருக்கிறது என்று பாருங்கள் என்றார். பார்த்தால், அவர் உள்ளே தூங்கித் தூங்கி விழித்திருக்கிறார். ஒவ்வொரு திடுக்கிடலுக்கும் தலை ஒரு மயிரிழை அசைந்திருக்கிறது. தலை அசைந்தால் எல்லா இடத்துக் கோடும் ஒன்றாகத்தானே எகிறும். அந்தப் படத்தைத் தள்ளிவிட்டார்கள். "படம் ரொம்ப அழகா வந்துதுன்னா மொதல்ல அதத்தான் சந்தேகப்படணும்" என்றார் மேடம். நீயும் இதையெல்லாம் படித்தவன், தினமும் செய்கிறவன். ஆபீசில் ஒரு படத்தை நம்புவதற்கு முன் மூச்சால் வருகிற ஏற்ற இறக்கத்தை நீக்குகிறாய், இதயத் துடிப்பை நீக்குகிறாய், தலையாட்டத்தை நீக்குகிறாய். நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணின் விஷயத்தில் ஷிஃப்ட் நேரத்தை மட்டும் நீக்கிவிட்டு, முடிந்தது என்று எழுந்துவிட்டாய்.

இனி சொல்லப்போவதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். உன் அப்பா இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீ ரெண்டாவதோ மூணாவதோ படித்துக்கொண்டிருந்தாய், நாம் மேல்விஷாரத்தில் இருந்தோம், அப்பா அங்கே தோல் பதனிடுகிற டேனரியில் வேலையில் இருந்தார். நான் ஸ்கேன் அறையில் சேர்ந்த புதுசு. மற்ற நாளெல்லாம் நோயாளிகளுக்கே மெஷின் போதாது, ஆகவே ஆராய்ச்சிக்கென்று ஞாயிற்றுக்கிழமைதான் விடுவார்கள். அன்றைக்கு இரண்டே பேருக்குத்தான் வேலை, மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியனுக்கும் எனக்கும். அவர் ஆற்காட்டிலிருந்து வருவார். நான் ஏறுகிற அதே பஸ்ஸில்தான் அவரும் இருப்பார். நான் முன்னால் பெண்கள் பக்கம், அவர் பின்னால். இறங்கி நடக்கும்போது நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம், அதுவும் அன்றைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது பற்றித்தான். நான் எவ்வளவு பேசுவேன் என்று உனக்கே தெரியும்.

உன் பெரிய அத்தை அப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லாங் பஜாரில் வளையல் கடை வைத்திருந்தாள். கடை வாசலிலிருந்து அவள் பார்த்தது இவ்வளவுதான்: தம்பி பெண்டாட்டி ஞாயிறுதோறும் போகிறாள், அதே நேரத்தில் அதே ஆளும் போகிறான். அவன் வராத வாரம் இவளும் வருவதில்லை. அது நிஜம்தான், மெஷின் இல்லாத வாரம் இரண்டு பேருக்குமே வேலை இல்லை. அத்தை போய் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு டி.வி.எஸ். வண்டியைத் துடைத்து வெளியே எடுத்தார். "பஸ்ஸுல எதுக்குப் போற, நானே கொண்டாந்து உடறேன்" என்றார். விட்டுவிட்டுப் போகவும் இல்லை. கேட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு, நான் வேலை முடித்து வரும்வரை உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அப்படியே பல ஞாயிறு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கல்யாணமானதிலிருந்து அவர் எனக்காக அப்படி எங்கேயும் காத்திருந்ததில்லை. அந்த ஞாயிறுகளில் மட்டும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டினேன், பூ வைத்துக்கொண்டேன். அவரோடு வண்டியில் போகிறோம் என்பதற்காக வைத்துக்கொண்ட பூ அது. அவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் சிங்காரித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவளாகத்தானே தெரிந்திருப்பேன்.

அத்தை மகளுக்குக் காது குத்தினார்களே, நீகூட மொட்டையோடு ஓடித் திரிந்தாய், அந்த வீட்டுப் பின்கட்டில் நாங்கள் லட்டு பிடித்துக்கொண்டிருந்தோம். "இன்னா, இப்பல்லாம் புருசன் வண்டிலதான் சவாரியாமே" என்று அத்தை ஆரம்பித்தாள். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளுக்கு என் சிரிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது. "ஒன்ன உடறதுக்கு வர்றான்னு நெனச்சிக்கினியா? பாக்கறதுக்கு வர்றான். நான்தான் போய்ப் பாருடான்னு சொன்னேன்" என்றாள். நான் லட்டு பிடித்துக்கொண்டே இருந்தேன். கையிலிருந்தது உதிர்ந்து உதிர்ந்து போனது, திரும்பத் திரும்பப் பிடித்தேன்.

அதைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை. சில மாசம் கழித்து வருவதை நிறுத்திவிட்டார். சந்தேகம் தீர்ந்ததா, சலிப்பு வந்ததா, டேனரியில் ஞாயிறு வேலை கொடுத்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. உன் அப்பா நல்லவர். அதற்குப் பிறகு என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் இன்றைக்கும் நான் வர நேரமாகி அவர் தெருமுனையில் வந்து நின்றால், எனக்கு இரண்டு எண்ணமும் சேர்ந்தே வரும். ஆசையில் காத்திருக்கிற ஆளும் சந்தேகத்தில் காத்திருக்கிற ஆளும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். உட்காருவது அதே மரத்தடி, வாங்கித் தருவது அதே டீ. நேரத்தைக் குறித்து வைத்தால் இரண்டு பேருக்கும் ஒரே கோடுதான் வரும். உள்ளே என்ன இருந்தது என்பதை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்காமல் விட்டது நாளாக நாளாகக் கரைந்துவிடும் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே.

புதன்கிழமை ராத்திரி சமைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு நசீமாக்காவிடம் போனேன். அவள் அதே ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நான் விஷயத்தைச் சொல்லவில்லை. கம்பெனி எப்படி, சூப்பர்வைசர்கள் எப்படி, வீட்டுக்கு வந்தபிறகும் வேலை விஷயமாகப் போன் வருமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, கேள்விலாம் ஒரு தினுசா வருது. மருமவள வேவு பாக்கறியா?" என்றாள். சும்மாதான் கேட்டேன் என்றேன். "சும்மா கேக்கறவ அடுப்புல பருப்ப வெச்சுட்டு வந்து குந்தினு இருப்பாளா? தீயிற வாசனை எங்கூட்டு வரைக்கும் வருது." ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், திரும்பவும் அங்கேயே உட்கார்ந்தேன். அதற்குள் அவள் போன் ஒலித்தது. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏதோ தட்டிவிட்டுக் கீழே வைத்தாள். மறுபடி ஒலித்தது. மறுபடி தட்டினாள்.

இதுதான் ரோதனை என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். மறுநாள் யாருக்கு ஓவர்டைம், கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் லைன் சூப்பர்வைசர்கள் அவரவர் லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்களாம். உடனே பார்த்து ஓகே போடவேண்டும், போடாதவர்கள் பெயர் பஸ் லிஸ்டில் இருக்காது. யாராவது வரமுடியாது என்றால் அவர் திரும்ப வந்து வேறு ஆள் கேட்பார், எல்லாரும் திரும்பப் பார்ப்பார்கள். "அந்தாளு ஒரு வரி போட்டான்னா லைன்ல இருக்கற அத்தினி பொம்பளைங்களும் ஒரே நேரத்துல எழும்புவோம். ஊட்டுக்காரன் கூப்ட்டாக்கூட அவ்ளோ சீக்கிரம் எழும்ப மாட்டோம்" என்று சிரித்தாள். அவளுக்கு முன்பல் இரண்டு இல்லை, பேரன் பள்ளிக்கூடம் போகிறான். நீ நசீமாக்கா நம்பரையும் அவள் சூப்பர்வைசர் நம்பரையும் கொண்டுபோய்க் கோடு போட்டுப் பார். அவர்களுக்குள்ளும் கனெக்‌ஷன் கெட்டியாகத்தான் இருக்கும்.

உன்னிடம் நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. அவளுடைய கோட்டை எத்தனை பேருடைய கோட்டோடு வைத்துப் பார்த்தாய்? ஒரே ஒருவனோடு. அவனை ஏன் எடுத்தாய்? ஆம்பிளை என்பதால், அவள் ஒரு தடவை அவனைப் பற்றி நல்லபடியாகப் பேசினாள் என்பதால். முதலில் சந்தேகத்தை வைத்துவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி இடம் தேடியிருக்கிறாய். அவள் பக்கத்தில் உட்கார்ந்து செக்கிங் செய்கிற பெண்ணின் கோட்டை எடுத்திருந்தால் அதுவும் சேர்ந்துதான் ஏறியிருக்கும். அப்போது ஜாதகம் சரியில்லை என்று யாரை வைத்துச் சொல்லியிருப்பாய்?

இதை எழுதிவிட்டு, அவள் மேல் எனக்குத் துளியும் சந்தேகமில்லை என்று அடுத்த வரியை எழுத ஆசைதான். எழுத முடியவில்லை. குற்றத்துக்கு நீ கொண்டுவந்த சாட்சி விழுந்தது, அவ்வளவுதான். குற்றமே இல்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அப்படி ஒரு சாட்சி எந்த மனுஷருக்கும் கிடைக்காது. எனக்கும் அன்றைக்குக் கிடைத்திருக்காது. பெங்களூரில் தனியாக இருக்கிற நீ எப்படிப்பட்டவன் என்று அவள் கேட்டால், உன்னைப் பெற்ற நான்கூட அப்படி ஒன்றை எடுத்து நீட்ட முடியாது. ஆகவே சந்தேகமே படாதே என்று உனக்குச் சொல்லமாட்டேன். நானே சந்தேகப் பிராணி. வந்தால் அதை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோ. அவளுக்குத் தெரியாமல் வைத்து வளர்க்காதே.

இன்னொன்றும் உண்டு. எங்கள் அறையில் ஒருத்தரைப் படுக்க வைப்பதற்கு முன், எதற்காகப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம், படம் யார் கையில் போகும் என்று அவர்களுக்குப் புரிகிற தமிழிலோ உருதுவிலோ சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் கையிலிருக்கிற ரப்பர் உருண்டையை அமுக்கச் சொல்கிறோம். அமுக்கினால் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே எடுத்துவிடுவோம். நீ மாசக்கணக்கில் ஒரு பெண்ணைப் படம் பிடித்திருக்கிறாய். அவளுக்குத் தெரியாது. அமுக்க அவள் கையில் ஒன்றும் இல்லை. இது என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் நீ கோபப்படக்கூடிய ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன்.

நேற்று அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்கு, அவள் கம்பெனி வாசலுக்குப் போனேன். ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள், கேட்டிலேயே நின்று போனை வாங்கி ஆன் செய்துகொண்டு. அவள் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள், வீட்டில் யாருக்கோ உடம்புக்கு ஏதோ என்று. கொஞ்சம் தள்ளி ஒரு கடையின் நிழலில் நிறுத்தி, நீ செய்ததைச் சொன்னேன். புரோகிராமைச் சொன்னேன், இரண்டு கோட்டைச் சொன்னேன், நீ என்னை என்ன செய்யச் சொன்னாய் என்பதையும் சொன்னேன். சூப்பர்வைசரைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நானில்லை. அவளுடைய கம்பெனி பஸ் கிளம்பிப் போனது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டாள். நிச்சயத்திலிருந்து என்றேன்.

"தெனம் ராத்திரி கேப்பாரு அத்தை. சாப்ட்டியா, தூங்கிட்டியா, இன்னும் முழிச்சினுதான் இருக்கியான்னு. எல்லாம் தெரிஞ்சிக்கினேதான் கேட்டாரா?"

கண்ணு, தெரியாது என்றுதான் சொன்னேன். அவள் அழவில்லை. போனை எடுத்து, என் கண் முன்னாலேயே, வாட்ஸ்அப்பில் அவள் வந்து போகிற நேரம் யாருக்கும் தெரியாதபடி மாற்றினாள். அப்புறம், "ஞாயித்துக்கெழம அவர வர சொல்லுங்க. அந்தப் படத்தையும் எடுத்துக்கினு வரட்டும். எங்கிட்ட இன்னா கேக்கணுமோ கேக்கட்டும், நானும் கேக்கறேன். பத்திரிகை அடிக்கறதா வேணாமான்னு அப்புறம் நான் சொல்றேன்" என்றாள். அதுவரை அவள் வீட்டில் எதுவும் சொல்லவேண்டாம் என்றாள். டவுன் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு வந்தேன். ஏறும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் ஏறினாள். ஆனால் வழக்கமாகச் சிரிப்பாளே, அது இல்லை.

அவள் அம்மாவுக்கு நான் போன் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். பத்திரிகை அடிக்கிற கடைக்காரரிடம் நாங்களே கூப்பிடுகிறோம், அதுவரை அடிக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ என்ன பேசுவாய் என்று நான் எழுதித் தரப்போவதில்லை. அவள் உன்னை மன்னிப்பாள் என்றும் நினைத்துக்கொண்டு வராதே, அவளும் உன்னைச் சந்தேகப்படலாம். அதற்கு அவளிடம் இப்போது உன்னிடம் இருந்ததைவிட நல்ல காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வரும்போது காட்பாடி வரைக்கும் டிக்கெட் எடுக்காதே, ஆம்பூரில் இறங்கிவிடு. காலையில் ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் வீட்டுக்கு வா. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாலும் வா. உனக்குச் சேர்த்துத்தான் சோறு வடித்திருப்பேன்.

அம்மா